சுகிர்தம் மறந்த ஜெபம்

சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. சுகிர்தம் கண்ணை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டாள். நானும் மூடினேன். மகள் பெனிட்டா மூடியிருக்க மாட்டாள். ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

செகந்திராபாத் லோத்குண்டாவில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. பின்ஜன்னலைத் திறந்தால் ராணுவ நிலத்தின் கம்பிவேலியும் வேப்பமரங்களும்தான். காலை வேளையில் சிப்பாய்கள் கூட்டமாக ஓடும் பூட்ஸ் சத்தம் கேட்கும். அன்றைக்கும் கேட்டது. இட்லியின் ஆவி என் மூக்குக் கண்ணாடியில் படிந்திருந்தது.

சாப்பிடுவதற்கு முன் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்வது எங்கள் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அதைத் தொடங்கி வைப்பவள் சுகிர்தம். நாங்கள் அவள் குரலோடு சேர்ந்துகொள்வோம்.

அன்று ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்றாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

தும்மல் வருகிறதோ என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமில்லை, குழப்பமும் இல்லை. கடையில் ஒரு சாமானைக் காட்டி விசாரிக்கிற முகம்.

"யாரைக் கூப்பிடுதோம்?" என்றாள்.

பெனிட்டா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மிச்ச ஜெபத்தை ரயில் பிடிக்கிற வேகத்தில் சொல்லி முடித்து, ஆமென் போட்டு, சட்னியை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். அவளும் சாப்பிட்டாள்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என் வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

எழுதத் தள்ளிப்போட்ட வாரம்

சென்ற வாரம் இந்தத் தொடரை ரயில்வேயில் நான் ஓய்வு பெற்ற நாளோடு நிறுத்தியிருந்தேன். ஓய்வுக்குப் பின்னால் வந்த வருஷங்களைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. அதனால்தான் இத்தனை வாரமாக எஞ்சின், சிக்னல், சக ஊழியர்கள் என்று வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தேன். ‘உங்கள் மனைவி திடீரென்று கதையிலிருந்து காணாமல் போய்விட்டாரே’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். உண்மைதான் அம்மா. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போனாள்.

ஆமென் சொல்லும் ஆள்

அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்தவன். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான கையோடு மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அவளைக் கூட்டி வந்தேன். மாதத்தில் பாதி நாள் நான் கடைசிப் பெட்டியில், கொடியும் விளக்குமாகத் தனியே உட்கார்ந்திருப்பேன். வீட்டில் அவள் தனியே இருப்பாள். அந்தத் தனிமையில் அவள் ஆண்டவரோடு பேசிப் பழகிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஜெபிக்கும்போது குரல் மாறும், சொற்கள் உடுத்திக்கொள்ளும். இவளுக்கு அது கிடையாது. காய் நறுக்கும்போது பேசுவாள். துணி உலர்த்தும்போது பேசுவாள். வந்த புதிதில் கறிகாய் வண்டிக்காரரிடம் கற்றுக்கொண்ட, வேண்டாம் என்பதற்கான ‘நக்கோ’வை அப்படியே ஜெபத்துக்குள் கொண்டுபோய்விட்டாள். எனக்கு குண்டக்கல்லுக்கு மாற்றல் வரும் என்று பேச்சு அடிபட்டபோது, அடுப்படியில் நின்றுகொண்டு, "ஆண்டவரே, இந்த ட்ரான்ஸ்ஃபர் நக்கோ. இந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கு" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். மாற்றல் வந்தது. இரண்டு நாள் ஆண்டவரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் சமாதானமாகி, பெட்டி கட்டினாள்.

நான் ஆமென் சொல்லும் ஆள். சபையில் வேதபாடம் வாசிப்பேன்; குரல் கனமாக இருக்கிறது என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் விசுவாசம் என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததென்றால் அது அவளுடையது. நான் அதற்குள் குடியிருந்தேன். அது எனக்கு அப்போது தெரியாது. சுவர் இடிகிறபோதுதான் அது யாருடைய சுவர் என்று தெரிகிறது.

எண்ணெய் பூச வந்தவர்கள்

நரம்பு மருத்துவர் ஒரு தெலுங்குப் பெண்மணி. ஸ்கேன் படத்தைக் காட்டி, மூளையின் முன்பகுதி சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். அறுபதுகூட ஆகாதவளுக்கா என்று கேட்டேன். இந்த வகை நோய் சீக்கிரமே வருவதுண்டு என்றார். குணம் மாறும், பேச்சு குறையும், பிறகு விழுங்குவதும் கஷ்டமாகும் என்று ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார். பக்கத்தில் சுகிர்தம் அவர் மேசையிலிருந்த பேனாமூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

சபையில் சொன்னோம். எல்லாரும் அழுதார்கள், ஜெபித்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை, எங்கள் சபையைச் சேராத ஒரு ஜெபக்குழு வீட்டுக்கு வந்தது. யாரோ நல்லெண்ணத்தில் அனுப்பியிருந்தார்கள். அவள் நெற்றியில் எண்ணெய் பூசினார்கள். சத்தமாகக் கட்டளையிட்டார்கள். அவள் மிரண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் அவர்களில் மூத்தவர் என்னைத் தனியே அழைத்து, வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா, தேவன் சும்மா இப்படிச் செய்கிறவர் இல்லையே என்றார்.

பெனிட்டாதான் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர்கள் போகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவள் எங்கள் சபைக் கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள்.

எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் அது ‘நல்லவளுக்கு ஏன் இந்த நோய்’ என்கிற சந்தேகம் இல்லை. கூட்ஸ் வண்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியவன், தண்டவாளத்தில் பார்க்காததில்லை. நல்லவர்களும் சாவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

என் சந்தேகம் வேறு. இத்தனை காலம் அவள் பேசிக்கொண்டிருந்தது ஆண்டவரோடா, அல்லது அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிந்த அந்தச் சின்ன இடத்தோடா? அந்த இடம் சுருங்கியதும் ஆண்டவரும் போய்விட்டாரே. அப்படியானால் அவர் இருந்ததே அங்கே மட்டும்தானா? இதை யாரிடம் கேட்பது? இப்படிப்பட்ட கேள்விகளை நான் அவளிடம்தான் கேட்பேன்.

பாட்டு மறக்காது என்றார்கள்

எல்லாரும் ஒரே ஒரு ஆறுதலைச் சொன்னார்கள். எது மறந்தாலும் பாட்டு மறக்காது அண்ணாச்சி, அது ஆழத்தில் இருக்கும் என்றார்கள். பெனிட்டா இணையத்தில் வீடியோக்கள் காட்டினாள். பெயர்கூட மறந்துபோன கிழவர் பழைய பாட்டைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார், கூடவே பாடுகிறார், பிள்ளைகள் அழுகிறார்கள். அதைப் பார்த்து நானும் அழுதேன்.

சுகிர்தம் பாடகர் குழுவில் பல வருஷம் ஆல்ட்டோவாக, கீழ்க்குரலில் பாடியவள். அதனால் நானும் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். காலையில் ஒரு பாட்டு, மாலையில் ஒரு பாட்டு. அவளுக்குப் பிடித்ததையெல்லாம் போட்டேன். தாலாட்டு மாதிரியானது, ஆர்ப்பரிப்பானது, அவள் அப்பாவின் அடக்கத்தில் பாடியது. அவள் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள்.

ஒருநாள் பாடகர் குழுப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவள் குரலுக்கு இடம் விட்டு, மெதுவாகப் பாடினார்கள். ரொம்ப நன்றாகப் பாடினார்கள். நான் வாசற்படியில் நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சரணத்தில் அவள் காதுகளைப் பொத்திக்கொண்டாள். "என்ன சத்தம் இது? நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

அவர்கள் நிறுத்தினார்கள். ஆளுக்கொரு வாய் காபி குடித்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். நான் பாட்டுப் போடுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் வீட்டிலும் அந்தப் பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். சில வீடுகளில் அது வருகிறது. எங்கள் வீட்டில் வரவில்லை. வராத வீடுகளைப் பற்றி யாரும் வீடியோ எடுப்பதில்லை.

திருவிருந்து நாள்

அதற்குப் பிறகும் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில், கதவோரம் உட்காருவோம். நடுவில் எழுந்து நடந்தால் கூடவே நடப்பேன்.

ஒரு திருவிருந்து ஞாயிறு, கர்த்தருடைய சரீரம் என்று அப்பம் வாங்கி உண்ணும் நாள். எங்கள் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம். அப்போதிருந்த ஐயர் வயதில் சின்னவர், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர் அவ்வளவுதான். எங்களுக்காக அவரே அப்பத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தார். நான் அவள் கையைப் பிடித்து ஏந்தினேன். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு கணம் மென்றாள். பிறகு தூவென்று துப்பிவிட்டாள்.

அது தரையில், அவள் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. எங்களுக்கு முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, உடனே திரும்பிக்கொண்டார்கள்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதை அங்கே விட்டுவிடவும் முடியவில்லை, குப்பையில் போடவும் முடியவில்லை. குனிந்து எடுத்து நானே வாயில் போட்டுக்கொண்டேன். ஈரமாக இருந்தது. ஐயர் பீடத்துக்குத் திரும்பிப் போனார்.

ஆராதனை முடியுமுன் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதன்பின் பல மாதங்கள் நானும் கோயில் பக்கம் போகவில்லை. கேட்டவர்களிடம் அவளைத் தனியே விட முடியவில்லை என்றேன். அது பாதி உண்மை. வீட்டு ஜெபத்தையும் நிறுத்தினேன். சொல்லிக்கொண்டு நிறுத்தவில்லை, ஒருநாள் சொல்லாமல் சாப்பிட்டோம், மறுநாளும் அப்படியே. நிறுத்தியதால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. இட்லி அதே மாதிரிதான் இருந்தது.

மௌலா அலி

ஒரு மத்தியானம் நான் குளித்துவிட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அவள் இல்லை.

மாடி, கீழ்த்தளம், வேலியோரம் எல்லாம் பார்த்தேன். எதிர்வீட்டு லலிதா அம்மா செருப்புகூடப் போடாமல் தெருமுனை வரை ஓடினார். தஞ்சாவூர்க்காரர், அவர் கணவர் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கணவர் போலீஸுக்குப் போனார். பெனிட்டா ஆபீஸிலிருந்து காரை எடுத்துக்கொண்டு தேடினாள். நான் ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. மெயின் ரோடில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் உரசிப் போயின. ஒவ்வொரு கடையிலும் போனில் இருந்த அவள் படத்தைக் காட்டினேன். ரயில்வே கேட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரை மெதுவாக்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். தண்டவாளத்தைப் பற்றி என்னைவிட யாருக்கு அதிகம் தெரியும்.

அங்கே, கேட் மூடியிருக்க, ஒரு கூட்ஸ் வண்டி முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனோ தெரியாது. மரியாதையான ஜெபம் இல்லை. நான் ஆண்டவரை ஒருமையில், ஒரு கடன்காரனை அதட்டுவதைப் போல் அதட்டிக்கொண்டிருந்தேன்.

"கொண்டா. அவளைக் கொண்டாந்து விடு. உன்னைத்தான் கேக்கேன்."

பக்கத்தில் பைக்கில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பொழுது சாயும் வேளையில் போன் வந்தது. அவள் வளையலோடு நம்பர் எழுதிய ஒரு தகட்டைக் கட்டி வைத்திருந்தோம். மௌலா அலி மலையடிவாரத்தில், தர்காவுக்குப் போகும் படிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு பெண்குரல் சொன்னது. அவ்வளவு தூரம் எப்படிப் போனாள், ஆட்டோவில் ஏறினாளா, யார் ஏற்றினார்கள், இன்றுவரை தெரியாது.

போனால், பூ விற்கும் ஒரு பெண்மணியின் சாக்கில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் நாலைந்து ரோஜாப்பூ. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். "கைக்கு ரோத்தே சாப்?" என்றார் பூக்காரம்மா. எதற்கு அழுகிறீர்கள், அதுதான் கிடைத்துவிட்டாரே என்றார். எனக்கும் சுகிர்தத்துக்கும் தண்ணீர் கொடுத்தார்.

விஷயம் கேள்விப்பட்டு சபையார் சந்தோஷப்பட்டார்கள். பார்த்தீர்களா, ஜெபம் கேட்கப்பட்டது என்றார்கள். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. புகாரை முடித்துவைக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போனபோது, சுவரில் காணாமல்போனவர்களின் படங்களைப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண். மீசை நரைத்த ஒருவர். அவர்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள்தானே. என்னைவிட நன்றாகவே கேட்டிருப்பார்கள்.

ஆகவே அவள் கிடைத்ததை நான் ஒரு பதிலாக எண்ணவில்லை. என் மனதில் தங்கியது வேறொன்று. விசுவாசம் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் மட்டும் போகவில்லை. அந்தக் கோபத்துக்கு ஒரு ஆள் இருந்தார். அவர் இருக்கிறார் என்று என் மூளைக்கு உறுதியில்லாதபோதும் என் வாய் அவரிடம்தான் போயிற்று.

இது பெரிய விசுவாசம் இல்லை. என்னிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

நம்பாத நாளிலும்

அந்த வாரம் ஐயர் வீட்டுக்கு வந்தார். திருவிருந்து நாளைப் பற்றி நானே பேச்செடுத்தேன். செய்தது தப்பா என்று கேட்டேன். அவர் தன் அறையில் அன்றைக்கு உட்கார்ந்து அழுததாகச் சொன்னார். பிறகு, வேதபாடம் வாசிக்க ஆளில்லை, வருகிறீர்களா என்றார்.

"எனக்கு நம்பிக்கை சரியா இல்ல ஐயா" என்றேன்.

"வாசிக்கக் கண்ணு நல்லாயிருந்தா போதும், வாங்க" என்றார்.

போனேன். ஞாயிறு காலையில் லலிதா அம்மா தன் பூஜையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்து சுகிர்தத்தோடு உட்காருவார். "நான் பாத்துக்கறேன், நீங்க நிதானமா போயிட்டு வாங்கோ. அவாளுக்கும் சேர்த்து வேண்டிக்கோங்கோ" என்பார். ‘விசுவாசிக்கிறேன்’ என்று சபையே சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின்போது சில வாரங்கள் என்னால் வாயைத் திறக்க முடியாது. சும்மா நிற்பேன். என் இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள் சொல்வார்கள். அவர்கள் நடுவில் நின்றேன் என்பதைத் தவிர அந்த வாரங்களில் நான் வேறொன்றும் செய்யவில்லை.

காலைச் சாப்பாட்டு ஜெபத்தையும் மறுபடி தொடங்கினேன். இப்போது தொடங்குவதும் நான், ஆமென் சொல்வதும் நான்.

பெனிட்டா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சுகிர்தத்துக்கு நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், ஆனால் பாதி ஆங்கிலமும் பாதி தெலுங்குமாகத்தான் பேச வரும். அன்று கஷ்டப்பட்டுத் தமிழிலேயே கேட்டாள்.

"டாடி, உண்மை சொல்லுங்க. நீங்க இன்னும் நம்புறீங்களா?"

"சில நாள் நம்புதேன்."

"மத்த நாள்?"

"மத்த நாளும் போறேன்."

"அது சீட்டிங் இல்லையா?"

நான் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன். "உங்கம்மா எங்கூடப் பேசாத நாள்லயும் சோறு வடிச்சுப் போட்டா. அது சீட்டிங்கா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "சரே டாடி" என்று தெலுங்கில் சரி சொல்லி என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவள் மாறிவிடவில்லை. இன்றைக்கும் கோயிலுக்கு வருவதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மழைக்காலம்

பேச்சு முதலில் நின்றது. பிறகு நடை. பிறகு விழுங்குவது. மருத்துவர் சொன்ன வரிசை மாறவில்லை. ஜூலை மழையில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

வீடெங்கும் ஈரத்துணி வாடையும் டெட்டால் வாடையும் இருந்தது. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வேப்பமரங்கள் நாளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு பிற்பகல், பக்கத்து அறையில் பெனிட்டா ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோது, சுகிர்தத்தின் மூச்சு ஒரு இழுப்பில் நின்றது. அடுத்த இழுப்பு வரும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கடைசியில் அவள் கண் திறந்து பார்க்கவில்லை. உதடு அசையவில்லை. அறையில் எந்த வெளிச்சமும் வரவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தெரியும்.

கல்லறையில்

மறுநாள் அடக்கம். மழை விட்டிருந்தது, செகந்திராபாத் கல்லறைத் தோட்டத்துச் செம்மண் செருப்பில் அப்பிக்கொண்டது. சபைக் கமிட்டியில் இருந்து ஒரு பெரியவர் பேசினார். சுகிர்தம் சபைக்குச் செய்ததையெல்லாம் அன்போடு சொன்னார். முடிக்கும்போது, "நம்ம அக்கா எல்லாத்தையும் மறந்தாலும் கடைசி மூச்சு வரைக்கும் ஆண்டவரை மட்டும் மறக்கல" என்றார். கூட்டத்தில் பலர் ஸ்தோத்திரம் என்றார்கள்.

அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. அடக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நானும் பல அடக்கங்களில் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

குடும்பத்தார் யாராவது ஒரு வார்த்தை பேசலாம் என்றார் ஐயர். நான் பேசுவதாக இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அவள்மேல் போட்டு மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அவள் பட்ட பாடு அவ்வளவையும் அது இல்லாததாக்கிவிடும் போலிருந்தது.

"சுகிர்தம் ஆண்டவரை மறந்துட்டா" என்றேன்.

பெனிட்டா என் முழங்கையைப் பிடித்தாள். நான் நிறுத்தவில்லை.

"ஜெபத்த மறந்தா, பாட்ட மறந்தா, என்னை மறந்தா. கடைசில அவகிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. நான் கூடவே இருந்து பாத்தேன். ஆனா ஆண்டவர் அவளை மறக்கலன்னு நம்புதேன். நம்புறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனாலும் நம்புதேன்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஐயர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். ஈர மண், கையில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது, உதறித்தான் போட்டார். பிறகு நான் போட்டேன். பெனிட்டா போட்டாள்.

கூட்டம் கலைந்தது. தப்பாகப் பேசிவிட்டோமோ என்ற எண்ணத்தோடு குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் நிற்பது தெரிந்தது. எனக்கு முகம் மட்டும் பழக்கமான ஒரு பெண்மணி. என் வயது இருக்கும். சபையில் தூணோரமாக உட்காருகிறவர், அதிகம் யாரோடும் பேசாதவர்.

நான் விலகி இடம் விட்டேன். அவர் கை கழுவ வரவில்லை.

"எங்க வீட்டுக்காரர் புற்றுநோய்ல போனார் அண்ணாச்சி" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "வலி தாங்காம கடைசி ரெண்டு மாசம் ஆண்டவரே இல்லைன்னுட்டார். ஜெபம் பண்ண வந்தவங்களை வெளிய போகச் சொன்னார். நான் எல்லார்கிட்டயும் அவர் துதிச்சுக்கிட்டே போனார்னு சொல்லி அடக்கம் பண்ணேன். பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது."

நான் குழாயை மூடினேன்.

"அவரையும் மறந்திருக்க மாட்டார்ல?" என்று கேட்டார்.

அவர் கேட்டது ஒரு சமாதானத்துக்காக இல்லை. பல வருஷமாக யாரிடமும் கேட்க முடியாமல் தூணோரத்தில் வைத்துக்கொண்டிருந்த கேள்வி அது. எதிரே நின்றது, மனைவியைப் புதைத்துவிட்டு இன்னும் கைகூடத் துடைக்காத ஒரு ஆள். எனக்கே அன்று காலையில் அது உறுதியாக இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மையாகவே இருந்திருக்கும்.

"மறந்திருக்க மாட்டார்ம்மா" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அங்கேயே, குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்தேன். பெனிட்டா காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தாள்.